விருந்தினரும் ஊர்மன்றமும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழிற் புதுமை என்பதே பொருள். புதிதாய் நம் வாயிலை அடைந்தமையால் வந்தவரையும் விருந்து என்றே நம் முன்னோர் அழைத்தனர். சுற்றத்தாரும் நண்பரும் அல்லர். முன்பின் அறியாதவரே சிறப்பாக விருந்தாவர். திருவள்ளுவர் இல்லறவியலில் ஓர் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கென்றே வகுத்தார். இவையெல்லாம் நாம் வகுப்பறையிற் கற்றனவே. ஆயினும் அச்சொல்லின் பொருளிலிருந்தே ஒரு வினா எழுகின்றது. வந்தவர் ஒரு நாளில் மீளாது, ஒரு திங்களிலும் மீளாது, ஓராண்டு கழிந்தும் மீள இயலாதவராயின், அவர்பால் அப்புதுமை எத்துணைக் காலம் நிற்கும்? புதுமை நீங்கியபின் அவரைப் பேணுதல் யார் கடன்?

இவ்வினாவிற்கு நம் காலத்து நிகழ்ச்சியொன்று விடை காட்டுகின்றது. உக்ரைன் நாட்டினின்று போருக்கஞ்சிப் புறப்பட்ட மக்களை ஐரோப்பிய நாடுகள், சிறப்பாக இங்கிலாந்து, எவ்வாறு ஏற்று இடமளித்தன என்பதும், அம்முயற்சியில் உள்ளூராட்சி மன்றங்கள் பல கைகளையும் எவ்வாறு ஒருங்கிணைத்தன என்பதும் ஈண்டு யாம் ஆராயப்புகும் பொருள். ஸ்தல ஸ்தாபனங்கள் என்று முன்னர் வழங்கிய இம்மன்றங்களை இக்கட்டுரையில் ஊர்மன்றம் என்றே சுருங்கக் கூறுவாம். கதவைத் திறப்பது இல்லத்தாரின் அன்பு. திறந்த கதவு அடையாதபடி காப்பது ஊர்மன்றத்தின் ஒழுங்கு. இவ்விரண்டில் ஒன்று குறையினும் புகலடைந்தார் தெருவில் நிற்க நேரும் என்பதே யாம் நிறுவ விழைவது.

புகல் தேடியோர்

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் ருஷ்யப் படைகள் உக்ரைன் முழுவதன்மீதும் தாக்குதல் தொடங்கின. ஐந்து வாரத்தினுள் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் எல்லை கடந்து அயல்நாடுகளை அடைந்தனர். போர்க்காலச் சட்டத்தின்படி 18 முதல் 60 வயது வரையுள்ள ஆடவரிற் பெரும்பாலோர் நாட்டைவிட்டு நீங்குதல் அப்போது தடுக்கப்பட்டது. ஆதலின் வந்தவருட் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும் முதியோருமாயினர். பின்னர் நிகழ்ந்த ஏற்பாடுகளை அறிதற்கு இவ்வியல்பை நாம் மறவாதிருத்தல் வேண்டும். தனித்த ஆடவன் ஒருவனுக்குக் கூரையும் கூலிவேலையும் கிடைப்பின் ஒருவாறு போதும். குழந்தையோடு வந்த தாய்க்கோ கூரையோடு பள்ளியும், மருத்துவமும், மொழிப் பயிற்சியும், பாதுகாப்பும் ஒருங்கே வேண்டும். இவை ஓரிடத்திற் கிடைப்பன அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சு 4ஆம் நாள் தற்காலிகப் பாதுகாப்பு என்னும் விதியை நடைமுறைக்குக் கொணர்ந்தது. யூகோஸ்லாவியா சிதறிய போர்களின் படிப்பினையாக 2001இல் இயற்றப்பெற்ற அவ்விதி, இருபதாண்டுக் காலம் ஒருமுறையேனும் பயன்படாது ஏட்டளவிற் கிடந்தது. அதன்படி உக்ரைனியர் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடிப் புகல் பெற வேண்டுவதில்லை. தங்குதல், தொழில் செய்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மருத்துவம் பெறுதல், உறைவிடத்திற்கு உதவி பெறுதல் ஆகிய உரிமைகள் தொகுதியாகவே அளிக்கப்பட்டன. இப்பாதுகாப்பின் காலம் பன்முறை நீட்டப்பெற்று, 2025இற் செய்த முடிவின்படி 2027 மார்ச்சு 4 வரையிற் செல்லுகின்றது. பிரிட்டனோ 2020இல் அவ்வொன்றியத்தை விட்டு நீங்கியது. ஆதலின் அந்நாடு தனக்கென வேறொரு நெறியை வகுத்துக்கொண்டது.

மூவர் பொறுப்பு

அந்நெறியின் பெயர் உக்ரைனுக்கு இல்லங்கள் என்பது. 2022 மார்ச்சு 14இல் அறிவிக்கப்பெற்று, 18இல் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கிற்று. இதன்படி இல்லத்தில் அறை உடையார் எவரும் உக்ரைனியர் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ வாடகையின்றி ஆறு திங்களேனும் தம்மோடு வைத்துக்கொள்ள முன்வரலாம். ஓரிரு நாளினுள் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் தம் விருப்பத்தைப் பதிவு செய்தனர் என்பது அம்மக்களின் நெஞ்சம் எத்துணை உருகியது என்பதற்குச் சான்றாகும்.

இத்திட்டத்திற் பொறுப்பு மூவர்பாற் பகுக்கப்பட்டது. விஸா வழங்குதலும், குற்றப் பதிவேடுகளை முதலில் நோக்குதலும் உள்துறை அமைச்சகத்தின் பணி. உறைவிடம் அளித்தல் இல்லத்தாரின் பணி. எஞ்சிய யாவும் ஊர்மன்றத்தின் பணி. எஞ்சிய யாவும் என்று இரண்டு சொல்லிற் கூறிவிடினும், உண்மையில் அவ்விரண்டு சொல்லினுள்ளேயே ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுதும் அடங்கிற்று.

இங்கிலாந்தின் ஊர்மன்றங்கட்கு இஃது முற்றும் புதிய பணியன்று. 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டபொழுது, வான்குண்டுக்கஞ்சி இலண்டன் முதலிய பெருநகர்களினின்று ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் சிறார், நாட்டுப்புறங்கட்கு அனுப்பப்பெற்றனர். ஊர்தோறும் மன்றத்தின் அலுவலர் ஒருவர் வீடு வீடாகச் சென்று அவர்களைக் குடியமர்த்தினார். தனியே ஒரு குழந்தையை ஏற்ற வீட்டினர்க்கு வாரந்தோறும் 10 ஷில்லிங் 6 பென்ஸ் அளிக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்டோரை ஏற்றவர்க்குத் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். மறுப்பவரை வற்புறுத்தும் அதிகாரமும் அவ்வலுவலர்க்கு இருந்தது. 2022இல் அவ்வற்புறுத்தல் இல்லை, விரும்பினாரே ஏற்றனர். ஆயினும் விருப்பத்தால் நடப்பதாயினும் அதற்கு ஓர் அலுவலர் வேண்டும் என்னும் உண்மை மாறவில்லை.

மன்றத்தின் பணிகள்

ஊர்மன்றம் செய்யவேண்டியவற்றை வந்தவர் அடியெடுத்து வைக்கும் முறைமையிலேயே நோக்குவாம்.

முதலாவது, வீட்டைக் காணுதல். மன்றத்தின் அலுவலர் இல்லத்திற்கு ஒருமுறையேனும் நேரிற் சென்று, அறைகள் எத்தனை, தங்குவோர் எத்தனை பேர், குளிர்காலத்திற்கேற்ற வெம்மை உண்டோ, புகையறி கருவி அமைந்துள்ளதோ, எரிவாயு அடுப்பு தீங்கின்றி உள்ளதோ என்று ஆராய்தல் வேண்டும். இல்லத்திலுள்ள பெரியோரின் நடத்தைப் பதிவையும் வினவி அறிதல் வேண்டும். வருவோருட் சிறார் இருப்பின் அவ்விசாரணை இன்னும் நுணுக்கமாகும்.

இரண்டாவது, வந்தவுடன் கைப்பொருள் அளித்தல். அரசாங்க உதவித்தொகை வந்து சேர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுகாறும் உணவுக்கும் போக்குவரவிற்கும் ஒவ்வொருவர்க்கும் 200 பவுன் மன்றத்தின் வழியாக அளிக்கப்பட்டது.

மூன்றாவது, வழிகாட்டல். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பெறுதல், மருத்துவர் ஒருவரிடம் பதிவு செய்தல், வங்கிக் கணக்குத் தொடங்குதல், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல், ஆங்கில வகுப்பிற் சேர்தல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டும். ஒன்று தவறின் மற்றொன்றும் தடையுறும். சான்றாக, வங்கிக் கணக்கில்லாதார்க்கு மாதச் சம்பளமோ உதவித்தொகையோ வந்து சேர்தல் அரிது. முகவரியின் உறுதியின்றி வங்கிக் கணக்கும் எளிதில் அமையாது.

நான்காவது, இல்லத்தார்க்கு நன்றித்தொகை வழங்குதல். திங்கள்தோறும் 350 பவுன். விருந்தினர் எத்தனை பேராயினும் ஒரு வீட்டிற்கு ஒரே தொகை. இதற்கு வருமானவரி இல்லை. தனித்து வாழ்வார்க்கு மன்றவரியிற் கிடைக்கும் நூற்றுக்கு 25 விழுக்காட்டுச் சலுகையும் விருந்தினர் வந்தமையால் இழக்கப்படவில்லை. நற்செயல் செய்தவர் அதனாற் பொருளிழக்க நேருமாயின் அச்செயல் நெடிது நில்லாது என்பதைச் சட்டம் செய்தோர் நன்குணர்ந்தனர் போலும்.

இவற்றிற்காக நடுவணரசு 2022இல் வந்த ஒவ்வொருவர்க்கும் 10,500 பவுன் வீதம் இங்கிலாந்தின் மன்றங்கட்கு அளித்தது. 2023 ஜனவரி 1 முதல் வந்தவர்க்கு அது 5,900 பவுனாகக் குறைக்கப்பட்டது.

நிற்க. ஒருங்கிணைத்தல் என்னும் சொல்லின் பொருள் யாதென்பதை இனி ஒரு சிறிய சிக்கலால் விளக்குவாம். இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளூராட்சி இரு படிநிலையாய் அமைந்துள்ளது. மேற்படியிலுள்ள கவுண்டி மன்றம் பள்ளிகளையும் சமூகநலனையும் பேணும். கீழ்ப்படியிலுள்ள மாவட்ட மன்றம் வீட்டுவசதியையும் வீடற்றார்க்கு உதவுதலையும் பேணும். அரசு அளித்த தொகையோ மேற்படி மன்றத்திடம் சென்றது. வீட்டைச் சோதிப்பார் ஒருவர், பள்ளி தருவார் மற்றொருவர், பணம் வைத்திருப்பார் வேறொருவர். மருத்துவமும் உதவித்தொகையும் இருவர்க்கும் அப்பாற்பட்ட துறைகள். மொழியறியாத தாய் ஒருத்தி இவ்வாயில்கள் அனைத்தையும் தானே தட்டித் திரிவளாயின் என்னாகும்? ஆதலின் ஒரு குடும்பத்திற்கு ஓர் அலுவலர் என்று அமைத்து, அவரே எல்லாத் துறையோடும் பேசி முடிக்கச் செய்தல் வேண்டும். ஒருங்கிணைத்தல் என்பது பெருங்கூட்டங்களிற் கலந்து பேசுதல் மட்டுமன்று. வந்தவர் அலையாதபடி அலுவலகம் அலைதலே ஒருங்கிணைத்தல் என்க.

ஐயமோ, காப்போ?

அன்பினால் வீட்டைத் திறந்தவர்மேல் ஐயுற்றுச் சோதனை செய்தல் தகுமோ என்று சிலர் வினவலாம். வந்தவர் யாவர் என்பதை மறுபடியும் நோக்குவோமாக. கணவனைப் போர்க்களத்தில் விட்டு, மொழியறியாத நாட்டில், முன்பின் அறியாதவர் வீட்டில் தங்கும் பெண்ணுக்கு அவ்வீட்டாரையன்றி வேறு துணை இல்லை. அவள் உண்பதும் உறங்குவதும் அவர்கள் கையில் உள்ளன. இத்துணைச் சார்பு உள்ள இடத்தில் நல்லாரும் தம்மையறியாது ஆணையிடத் தொடங்குவர், தீயார்க்கோ கூறவேண்டுவதில்லை. ஆதலின் வீட்டிற்கு வெளியே அவள் நம்பிப் பேசத்தக்க ஒருவர் இருத்தல் வேண்டும். அலுவலரின் வருகை இல்லத்தாரை இழிவுபடுத்துவதன்று. விருந்தினரின் மானத்தைக் காப்பது.

திட்டத்தின் தொடக்கத்தில் விரைவும் காப்பும் ஒன்றோடொன்று மோதின. விஸா விரைந்து வழங்கப்படுக என்று மக்கள் முழங்கினர். அங்ஙனமே வழங்கியபொழுது, வீட்டைச் சோதிக்கும் முன்னரே விருந்தினர் சிலர் வந்து சேர்ந்தனர். 2023 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இத்திட்டம் குறுகிய காலத்தில் அமைக்கப்பெற்றதை ஏற்றுக்கொண்டு, அவ்விரைவிற்கும் காப்பிற்கும் இடையே நேர்ந்த இழுபறியையும் எடுத்துக்காட்டிற்று. ஏறத்தாழ 1,31,000 பேர் அதற்குள் இத்திட்டத்தின்வழி வந்திருந்தனர். பெற்றோரின்றி வரும் சிறார் திறத்தில் மட்டும் முறை மாற்றப்பட்டது. 2022 கோடையில் வகுத்த விதியின்படி, பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதலும் ஊர்மன்றத்தின் சோதனையும் முடிந்த பின்னரே அவர்க்கு விஸா அளிக்கப்படும். எங்கே விரையலாம், எங்கே விரையலாகாது என்பதை இவ்வேறுபாடு நன்கு காட்டும்.

ஆறு திங்களுக்குப் பின்

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். ஆறு திங்கள் கழிந்தன, போர் முடியவில்லை. விருந்தினரின் புதுமை நீங்கிற்று. சமையலறையை இருவர் பகிர்தல், குளியலறைக்குக் காத்திருத்தல், குழந்தையின் அழுகை, எரிபொருட் செலவு ஆகிய சிறுசிறு பொருள்களே இப்பொழுது பெரியனவாயின. இல்லத்தார் கொடியரல்லர், அவர்க்கும் மகப்பேறு உண்டு, நோய் உண்டு, வீடு விற்க வேண்டிய நிலை உண்டு. அவர்கள் ஏற்ற கடன் ஆறு திங்களளவே. அதன்மேல் வைத்திரும் என்று எவரும் வற்புறுத்த இயலாது.

இவ்விடத்திற்றான் ஊர்மன்றத்தின் மெய்ப்பணி தொடங்குகின்றது. அதன்முன் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, இருக்கும் இல்லத்திலேயே தங்குதலை நீட்டித்தல். இதற்கெனப் பிற்காலத்தில் ஓராண்டு கடந்த விருந்தினரை வைத்திருப்பார்க்கு நன்றித்தொகை 500 பவுனாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் மீண்டும் யாவர்க்கும் 350 ஆயிற்று. இரண்டு, வேறோர் இல்லத்தாரைத் தேடி இணைத்தல். மூன்று, வாடகை வீடு அமர்த்திக்கொடுத்தல். நான்கு, இவை யாவும் தவறினால் வீடற்றார் சட்டத்தின்கீழ்த் தானே இடமளித்தல்.

மூன்றாம் வழியின் அருமையை விரித்துக் கூறுதல் வேண்டும். வீட்டுக்காரர் முன்பணம் கேட்டனர். அந்நாட்டில் நிலையான வருவாயுடைய பிணையாளர் ஒருவரைக் கேட்டனர். முந்தைய வீட்டுக்காரரின் நற்சான்றும் கேட்டனர். நேற்று வந்தவர்க்குப் பிணை நிற்பார் யார்? கீவிலும் கார்கீவிலும் ஆசிரியராகவும் கணக்கராகவும் இருந்தவர், இங்கே மொழி முட்டுப்பாட்டால் விடுதிகளில் அறை துடைக்கும் வேலை செய்வராயின், அவ்வருவாயில் வாடகை கொடுப்பது எவ்வாறு? ஆதலின் பல மன்றங்கள் தாமே முன்பணம் அளித்தன. சில தாமே பிணையாகவும் நின்றன. நம் நாட்டில் உறவினர் செய்யும் உதவியை அங்கே ஊரே செய்தது எனலாம்.

நான்காம் வழி சட்டத்தால் வந்த கடன். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டமொன்று வீடற்றார்க்கு உதவுதலை முதன்முதல் ஊர்மன்றத்தின் கடமையாக்கிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் அதனை மேலும் விரித்து, 56 நாளினுள் வீடிழக்கும் நிலையிலுள்ளவர்க்கு அந்நிலை நேராதபடி முன்னரே முயலவேண்டும் என்றது. இச்சட்டங்கள் உக்ரைனியர்க்காக இயற்றப்பட்டன அல்ல; தம் குடிகளுக்காகவே இயற்றப்பட்டன. ஆயினும் தம் குடிக்காகக் கட்டிய கூரையின்கீழ் அயலாரும் நனையாது நின்றனர். ஏழைகட்குரிய சட்டம் நன்றாயிருக்கும் நாட்டிலேயே அகதிக்கும் புகல் நன்றாயமையும் என்பது இதனாற் பெறப்படும்.

2022 டிசம்பரில் அரசு 50 கோடிப் பவுன் கொண்ட நிதியொன்றை அறிவித்தது. உக்ரைனினின்றும் ஆப்கானிஸ்தானத்தினின்றும் வந்தோரைக் குடியமர்த்துதற்கு வீடுகள் வாங்குமாறு இங்கிலாந்தின் மன்றங்கட்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வீடுகள் பின்னர் அவ்வூரின் ஏழைகட்கும் பயன்படும் பொதுவுடைமையாய் நிற்கும். விருந்தினர்பொருட்டுச் செய்த செலவு ஊர்க்கே நிலைத்த செல்வமாயிற்று.

இருபுறச் சான்றுகள்

அன்பும் ஒழுங்கும் இரண்டும் வேண்டும் என்று யாம் முன்னர்க் கூறினோம். ஒன்றின்றி மற்றொன்று மட்டும் இருந்த இடங்களையும் காட்டினால் அக்கூற்று உறுதிப்படும்.

ஒழுங்கின்றி அன்பு மட்டும் இருந்தமைக்குச் சான்று குடும்பத் திட்டம். பிரிட்டனில் உறவினரை உடைய உக்ரைனியர் அவரிடம் வந்து சேரலாம் என்று 2022 மார்ச்சு 4இல் அத்திட்டம் தொடங்கிற்று. 2024 பிப்ரவரி 19இல் மூடப்பட்டது. உறவினர் அன்புடையார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்திட்டத்தில் வந்தவர்பொருட்டு ஊர்மன்றத்திற்குத் தொகை அளிக்கப்படவில்லை. இல்லத்தார்க்கு நன்றித்தொகையும் இல்லை. வீட்டைச் சென்று காண்பாரும் இல்லை. சிறிய வீட்டில் இரு குடும்பம் நெருங்கி வாழ்ந்து, தாங்காதபொழுது பிரிந்து, வீடற்றாராய் மன்றத்தின் வாயிலில் வந்து நின்றனர். கையிற் பொருளின்றியே மன்றம் அவர்க்கும் உதவக் கடமைப்பட்டது. ஒரே நாட்டினின்று ஒரே போரினால் வந்த இரு குடும்பங்கள், வந்த வாயில் வேறாகியமையால் வேறு வேறு ஊழ் எய்தினர்.

இல்லத்தாரின்றி அரசு மட்டும் முன்வந்தமைக்குச் சான்று ஸ்காட்லாந்தும் வேல்ஸும். இவ்விரு நாட்டு அரசுகளும் 2022 மார்ச்சில், வருவோர் இல்லத்தாரைத் தேடி அலைய வேண்டா, அரசே அவர்க்கு இல்லத்தாராய் நிற்கும் என்று அறிவித்தன. இஃது உயர்ந்த எண்ணமே. மக்கள் பெருந்தொகையாய் வந்தனர். ஆனால் அவரைக் குடியமர்த்தப் போதிய வீடுகள் இல்லை. விடுதிகள் நிரம்பின. ஸ்காட்லாந்து இரு பெருங்கப்பல்களை வாடகைக்கு அமர்த்திற்று. விக்டோரியா என்னும் கப்பல் எடின்பரோவின் லீத் துறையில் 2022 ஜூலை முதல் ஏறத்தாழ ஓராண்டு நின்றது. ஆம்பிஷன் என்னும் கப்பல் கிளாஸ்கோவில் 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச்சு வரை நின்றது. வேல்ஸ் 2022 ஜூனிலும் ஸ்காட்லாந்து ஜூலையிலும் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தன. பின்னர் ஸ்காட்லாந்து அரசு தனி நிதி வகுத்து, வட லானார்க்‌ஷயர் முதலிய இடங்களின் மன்றங்கள் வெறுமையாய்க் கிடந்த குடியிருப்புகளைச் செப்பனிட்டுத் தரச் செய்தது. கப்பலில் உணவும் படுக்கையும் குறைவின்றிக் கிடைத்தன. ஆனால் அண்டை வீட்டார் எனத் தக்கவர் அங்கில்லை. கடையை எங்கே காண்பது, பேருந்து எப்பொழுது வரும், இச்சொல்லை எவ்வாறு ஒலிப்பது என்று நாள்தோறும் கற்றுக்கொடுக்கும் இல்லத்தாரின் உதவியை எந்த அலுவலகமும் முழுதும் ஈடுசெய்ய இயலாது.

பிற நாட்டு முறைகள்

பிரிட்டன் மட்டுமே இவ்வுண்மையைக் கண்டதென்று கொள்ளலாகாது. உக்ரைனியரை மிகப் பெருந்தொகையாய் ஏற்ற போலந்தையும் ஜெர்மனியையும் சிறிது நோக்குவோம். போலந்து 2022 மார்ச்சு 12இல் தனிச் சட்டம் இயற்றிற்று. வீட்டில் இடமும் உணவும் அளித்தவர்க்கு ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 40 ஸ்வோட்டி என்று அவ்வூர் மன்றமே வழங்கிற்று. முதலில் 60 நாளைக்கென்று வகுத்த இவ்வுதவி பின்னர் 120 நாளாயிற்று. 2024இன் நடுவில் முற்றும் நிறுத்தப்பட்டது. விரைந்து கதவு திறப்பதற்கு இம்முறை மிகவும் உதவிற்று; ஆனால் நெடுங்காலத்து உறைவிடத்தை அஃது அளிக்கவில்லை.

ஜெர்மனியோ பங்கீட்டில் வல்லது. வருவோரை மாநிலங்களிடையே எவ்வாறு பகிர்வது என்பதற்கு அந்நாட்டில் ஒரு வாய்பாடு உண்டு. மாநிலத்தின் வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கும் மக்கள் தொகைக்கு மூன்றில் ஒரு பங்கும் மதிப்பளித்து அது கணிக்கப்படும். இதனால் ஒரே நகரம் சுமை முழுவதையும் தாங்குவதில்லை. ஆயினும் பங்கிடப்பட்டவர் தங்க வீடு வேண்டுமன்றோ? 2020இல் மூடப்பட்ட பெர்லினின் டேகல் விமான நிலையம் 2022 மார்ச்சில் வரவேற்பிடமாக்கப்பட்டது. சில நாள் தங்குதற்கென்று அமைத்த அக்கூடங்களிற் பலர் பல திங்கள் தங்க நேர்ந்தது. கணக்கு நேர்மையாயினும் வீடு குறைவாயின் கணக்கு வீட்டைப் படைத்துத் தாராது.

தடையும் விடையும்

விருந்தோம்பலுக்குப் பொருள் அளிப்பது அவ்வறத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்பார் உளர். செல்வர் மட்டுமே விருந்தோம்பலாம் என்று விதித்தல் அதனினும் கேடு என்பது எம் விடை. 350 பவுன் எவரையும் செல்வராக்கவில்லை. சிறு வருவாயினரும் இவ்வறத்திற் கலந்துகொள்ள இடந்தந்தது.

தன்னூர் ஏழை தெருவிலிருக்க அயலார்க்கு வீடளித்தல் தகுமோ என்பது மற்றொரு தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இங்கிலாந்தில் தற்காலிக உறைவிடத்தில் வாழும் குடும்பங்கள் 2023இலேயே ஒரு இலட்சத்தைக் கடந்தன. ஆனால் அக்குறை உக்ரைனியரால் வந்ததன்று. பல்லாண்டு பொதுவீடுகள் போதிய அளவிற் கட்டப்படாமையால் வந்தது. இருவரையும் எதிரெதிர் நிறுத்தாமல், இருவர்க்கும் வீடு பெருக்குதலே தீர்வு.

மூன்றாம் தடை எம்மையும் வருத்துகின்றது. பிற நாடுகளினின்று வந்து பிரிட்டனிற் புகல் வேண்டி நிற்போர்க்கு இவ்வகை வரவேற்பு இல்லை. அவருட் பலர் அரசு அமர்த்திய விடுதிகளில் வைக்கப்பட்டனர். ஓராண்டேனும் காத்திருந்தாலன்றித் தொழில் செய்ய இசைவு கேட்டலும் அவர்க்கு அரிது. உக்ரைனியர்க்குச் செய்தது தவறென்று இதனாற் கூறலாகாது. செய்ய இயலாதென்று நெடுங்காலம் சொல்லப்பட்டது செய்ய இயல்வதே என்பதை அது மெய்ப்பித்தது என்றே கூறல் வேண்டும்.

முடிவுரை

பிரிட்டன் உக்ரைனியர்க்கு முதலில் மூன்றாண்டு தங்க இசைவளித்தது. 2025 பிப்ரவரி 4 முதல் மேலும் 18 திங்களுக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. இரு திட்டங்களின் வழியாகவும் 2 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அந்நாட்டை அடைந்தனர். இசைவு சிறிது சிறிதாக நீளுங்கால், வீட்டுக்காரர் குத்தகை எழுதத் தயங்குவர்; முதலாளி வேலை தரத் தயங்குவர்; தாயும் தன் பிள்ளை எம்மொழியில் மேற்கல்வி கற்க வேண்டும் என்று துணிய இயலாது. ஊர்மன்றம் எத்துணை முயலினும் தீர்க்க இயலாத குறை இது; இதனைத் தீர்க்கவல்லது நடுவணரசே.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? விருந்தோம்பல் இல்லத்திற் பிறக்கும் அறம். ஆனால் இல்லத்தோடு நின்றுவிடுவதாயின் புதுமையோடு அதுவும் முடிந்துவிடும். அதனைப் பள்ளி இடமாகவும், வாடகைப் பிணையாகவும், மருத்துவர் பதிவாகவும், சோதித்த வீடாகவும் மாற்றி நாள்தோறும் நடத்துவது ஊர்மன்றம். புகழ்ச்சி பெரும்பாலும் கதவு திறந்தவரைச் சாரும். படிவம் நிரப்பி, தொலைபேசியிற் காத்திருந்து, மாலைவரை ஒரு குடும்பத்திற்கு அறை தேடிய எழுத்தரை எவரும் பாடுவதில்லை. நம்முட் பலர் இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் அலுவலகங்களில் அமரப்போகின்றோம். மேசைக்கு மறுபுறத்தில் வந்து நிற்பவர் நமக்குப் புதியவராயிருப்பர். அவர் பழையவராகும் வரையில் மட்டுமன்று, பழையவரான பின்னும் அவர்க்கு வேண்டுவன தவறாது கிடைக்கச் செய்வோமாயின், அவ்வலுவலும் விருந்தோம்பலேயாகும்.